ஸ்டார் சிட்டிசனில் வீணாகும் மாலைகள்

பல ஆண்டுகளாக ஸ்டார் சிட்டிசன் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டை ஆடிவருகிறேன். பேச்செடுத்தாலே எவரும் முதலில் கேட்பது, "அது எப்போதுதான் வெளிவரும்?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் உள்ளே புழங்குகிறவர்களுக்கு அன்றாடக் கவலை வேறு. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, உட்கார்ந்து ஆட இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தின் முடிவில் கையில் ஏதாவது மிஞ்சுமா என்பதுதான் அது. இந்தப் பகிர்வும் அதைப் பற்றியதே.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990இல் விங் கமாண்டர் என்ற விண்வெளிப் போர் விளையாட்டை உருவாக்கிய கிறிஸ் ராபர்ட்ஸ், 2012 அக்டோபரில் இந்தத் திட்டத்தை அறிவித்தார். பெரிய வெளியீட்டு நிறுவனங்களின் தயவு வேண்டாம், ஆடுபவர்களே பணம் போடட்டும் என்றார். விண்வெளி விளையாட்டுகளைப் பெரிய நிறுவனங்கள் ஏறக்குறைய கைகழுவிவிட்டிருந்த காலம் அது. விங் கமாண்டர் ஆடி வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்த அழைப்பு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மக்களிடம் பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் மட்டும் 21 லட்சம் டாலர் சேர்ந்தது. சொந்தத் தளத்தில் வந்ததையும் கூட்டினால் அந்த நவம்பருக்குள்ளேயே 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2014 நவம்பரில் கைக்கு வரும் என்றார்கள்.

அதன் பிறகும் பணம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தொகையை எட்டும்போதும் புதிதாக ஒரு வாக்குறுதி சேர்ந்தது. 60 லட்சம் டாலர் சேர்ந்தால் 100 நட்சத்திர மண்டலங்கள் என்பது அவற்றில் ஒன்று. 2015 டிசம்பரில் மொத்த வசூல் 10 கோடி டாலர். 2022 செப்டம்பரில் 50 கோடி. 2024இல் 70 கோடி. அந்த ஆண்டு டிசம்பரில் ஆல்ஃபா 4.0 என்ற சோதனைப் பதிப்பு வந்தபோது பறந்து போகக்கூடிய மண்டலங்கள் ஸ்டான்டன், பைரோ என இரண்டே இரண்டு. முழு வெளியீடான 1.0 வரும்போது ஐந்து மண்டலங்கள் இருக்கும் என்று 2024 அக்டோபரில் மான்செஸ்டரில் நடந்த சிட்டிசன்கான் விழாவில் அறிவித்தார்கள். நூறு, ஐந்தாகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. வெறுமையான நூறு மண்டலங்களைவிட உயிருள்ள ஐந்து மேல்.

இதே காலத்தில் கிக்ஸ்டார்ட்டருக்கு வந்த எலைட் டேஞ்சரஸ் என்ற இன்னொரு விண்வெளி விளையாட்டு, 2014 டிசம்பரிலேயே வெளியாகிவிட்டது. அதை இதோடு ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. இரண்டையும் ஆடியவன் என்ற முறையில் சொல்கிறேன், எடுத்துக்கொண்ட வேலை ஒன்றல்ல. எலைட் முதலில் கப்பலைக் கொடுத்தது. கப்பலை விட்டு இறங்கித் தரையில் நடக்க 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்டார் சிட்டிசனில் மனிதன், கப்பல், நகரம், கோள் எல்லாம் ஒரே தொடர்ச்சி. நடுவில் திரை கறுத்து "ஏற்றப்படுகிறது" என்று வருவதே இல்லை.

அந்தத் தொடர்ச்சிதான் என்னை இதில் கட்டிப்போட்டது. குருசேடர் என்ற வாயுக்கோளின் மேகங்களுக்கு நடுவே ஓரிசன் நகரம் மிதக்கிறது. அங்கிருந்து கிளம்பினால் மேகம் மெல்லக் கீழே இறங்கி, வானம் நீலத்திலிருந்து கறுப்பாகிறது. அப்போது விமானி இருக்கையிலிருந்து எழுந்து, கப்பலுக்குள்ளேயே பின்பக்கம் நடந்து போகலாம். கப்பல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். சன்னல் வழியே பார்த்தால் கோள் சிறுத்துக்கொண்டே வரும். மைக்ரோடெக் கோளில் பனிப்புயலுக்கு நடுவே இறங்கிச் சாய்தளத்தைத் திறந்ததும் காற்றின் சத்தம் உள்ளே பாயும். வேறு எந்த விளையாட்டிலும் இதை நான் அனுபவித்ததில்லை. இதற்குப் பணம் கொடுத்ததில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால் இந்த அழகு எதனால் வருகிறதோ, எரிச்சலும் அதனால்தான் வருகிறது. இங்கே எதுவும் பட்டியலைத் தட்டி முடிகிற காரியம் இல்லை. ஓர் எளிய சரக்குப் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்து அறையில் கட்டிலிலிருந்து எழ வேண்டும். லிஃப்ட் பிடித்துக் கீழே வர வேண்டும். ரயிலுக்குக் காத்திருந்து நகரத்தின் விண்கலத் துறைமுகத்துக்குப் போக வேண்டும். அங்கே கணினித் திரையில் கப்பலை வரவழைத்து, இன்னொரு லிஃப்ட் பிடித்துக் கப்பல் நிற்கும் கொட்டகையான ஹேங்கருக்குப் போக வேண்டும். 2024 ஆகஸ்டில் வந்த 3.24 பதிப்பிலிருந்து சரக்கையும் கையால் ஏற்றும் முறை வந்துவிட்டது. சரக்கு லிஃப்டை வரவழைத்து, இழுவைக் கதிர்த் துப்பாக்கியால் பெட்டி பெட்டியாகத் தூக்கி, திருப்பி, கப்பலின் தரைக்கட்டத்தில் பொருத்த வேண்டும். பெட்டி சரியான இடத்தில் வந்ததும் அதன் நிழல் நிறம் மாறும். விரலை எடுத்ததும் 'டக்' என்று உட்காரும். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. பிறகு கதவு திறக்க அனுமதி கேட்டு, மேலே எழும்பி, வளிமண்டலம் தாண்டி, குவாண்டம் பயணம் என்ற நெடுந்தூர அதிவேகப் பாய்ச்சலுக்குக் கப்பலைத் திருப்ப வேண்டும்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் இந்த நீளமே இன்பம். ஒன்று சறுக்கினால் எல்லாம் போச்சு. லிஃப்ட் கதவு திறக்கும், உள்ளே லிஃப்டே இருக்காது. ஹேங்கர் கதவு அனுமதி கொடுத்த பிறகும் மூடியே கிடக்கும். சரக்கு லிஃப்ட் கீழே போனால் போனதுதான். பறக்கும் கப்பலின் தரை வழியே ஆள் நழுவி வெற்றுவெளியில் விழுவார். இவை என் ஒருவனின் புலம்பல் அல்ல. இந்த விளையாட்டை ஆடும் எல்லோருக்கும் பழகிப்போன சங்கதிகள். முன்பு சர்வர் முற்றாக விழுந்தால் 30000 என்ற பிழை எண்ணோடு அத்தனை பேரும் வெளியே தள்ளப்படுவார்கள். அதற்கு "30கே" என்றே பெயர் விழுந்துவிட்டது. கப்பல் தொலைந்தால் காப்பீடு உண்டு, சற்று நேரம் காத்திருந்தால் திரும்பக் கிடைக்கும். உள்ளே இருந்த சரக்குக்குக் காப்பீடு கிடையாது. தவறு சர்வருடையதாக இருந்தாலும் நட்டம் ஆடுபவருக்குத்தான்.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் கோபம் கொஞ்சம் தணியும் என்பதால் சொல்கிறேன். லிஃப்ட், கதவு, பெட்டி, கீழே போட்ட தண்ணீர் பாட்டில் என ஒவ்வொன்றையும் சர்வர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே சர்வர் ஒரு முழு மண்டலத்தையும் தாங்கிக்கொண்டிருந்த காலத்தில், நூறு பேர் சேர்ந்தாலே அதற்கு மூச்சு முட்டும். அதன் கணக்கு வேகம் குறையக் குறைய எதிரிகள் நாற்காலிமேல் ஏறி அசையாமல் நிற்பார்கள். லிஃப்டை அழைத்தால் அந்தச் செய்தி போய்ச் சேராது. கீழே போட்ட பொருள் போட்ட இடத்திலேயே கிடக்க வேண்டும் என்பதற்காக 2023 மார்ச்சில் 3.18 பதிப்பைக் கொண்டுவந்தார்கள். அதோடு எல்லோருடைய கையிருப்பும் அழிக்கப்பட்டது. அந்தப் பதிப்பின் முதல் நாட்களில் பலரால் உள்ளே நுழையவே முடியவில்லை. 2024 டிசம்பரில்தான் பல சர்வர்கள் சேர்ந்து ஒரே உலகத்தைப் பங்கிட்டுச் சுமக்கும் ஏற்பாடு 4.0இல் வந்தது. நூற்றுக்கணக்கானோர் ஒரே உலகில் இருக்க முடிகிறது. ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்த ஒன்றைச் செய்துகாட்டினார்கள். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

குறை சொன்னால் உடனே வரும் பதில், "இது ஆல்ஃபா, நீ சோதனை ஆள்." இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. சோதனை ஆளுக்கு என்ன சோதிக்கிறோம் என்று தெரிந்திருக்கும். அவர் கண்டுபிடித்த பிழை பட்டியலில் ஏறும், முறை வரும்போது சரிசெய்யப்படும். இங்கேயும் பிழை தெரிவிக்க ஓர் இடம் இருக்கிறது. புகாரை எழுதி, எந்தப் படியில் நடந்தது என்று விவரித்து, மற்றவர்களும் "எனக்கும் நடந்தது" என்று உறுதிசெய்ய வேண்டும். பொறுமையாக எழுதுகிறவர்கள் ஏராளம். ஆனால் லிஃப்டைப் பற்றிய புகார் எத்தனை பதிப்புகளைக் கடந்து வந்திருக்கிறது என்று பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அதே நேரத்தில் கடை மட்டும் எந்தப் பதிப்பிலும் பழுதாவதில்லை. இதுதான் எனக்கு உண்மையிலேயே வலிக்கும் இடம். நவம்பர் தோறும் கப்பல் கண்காட்சி நடக்கும், இலவசமாக ஆடிப் பார்க்கக் கதவு திறப்பார்கள், புதுக் கப்பல்கள் விற்பனைக்கு வரும். ஆட்கள் குவிவதால் சர்வர்கள் திணறுவதும் அந்த நாட்களில்தான். வரைபடமாக மட்டும் இருக்கும் கப்பலையும் விற்கிறார்கள். பானு மெர்ச்சன்ட்மேன் என்ற பெரிய வணிகக் கப்பலை 2013இல் விற்றார்கள். அன்று அதை வாங்கியவர் 2024 முடிந்த பிறகும் அதில் ஏறவில்லை. இப்படிப்பட்ட கப்பல்கள் இன்னும் உருவாக்கத்தில் இருக்கின்றன என்பதைத் தெளிவாகச் சொல்லுமாறு 2021இல் பிரிட்டனின் விளம்பரத் தர நிர்ணய அமைப்பு அறிவுரை வழங்கியது. 2018இல் 27,000 டாலர் விலையில் ஒரு தொகுப்பு இருந்தது. ஏற்கெனவே 1,000 டாலர் செலவழித்தவர்களின் கண்ணில் மட்டுமே அது பட்டது.

2025 மே மாதம் ஆடுபவர்களின் பொறுமை ஒருமுறை உடைந்தது. கப்பலின் பறக்கும் தன்மையை மாற்றும் ஃப்ளைட் பிளேடு என்ற பாகத்தை, விளையாட்டுக்குள் சம்பாதித்து வாங்க வழி வைக்காமல், முதலில் உண்மையான பணத்துக்கு விற்றார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்த விசுவாசிகளே எதிர்த்தார்கள். பிறகு நிர்மாணக்குழு இறங்கிவந்து, விளையாட்டுக்குள்ளும் கிடைக்கச் செய்வதாகச் சொன்னது. அந்த எதிர்ப்பு சரியானது, தேவையானது. கப்பல் வாங்குவது திட்டத்துக்குக் கொடுக்கும் ஆதரவு என்ற புரிதலில்தான் இத்தனை ஆண்டுகள் பணம் போயிருக்கிறது. போட்டியில் மற்றவரை முந்தப் பணம் என்ற நிலை வந்தால் அந்தப் புரிதல் முறிந்துவிடும்.

ஸ்க்வாட்ரன் 42 என்ற தனிநபர் கதைப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதுவும் 2014க்கு வர வேண்டியதுதான். மார்க் ஹாமில், கேரி ஓல்ட்மன், கில்லியன் ஆண்டர்சன் நடித்திருக்கிறார்கள். அம்சங்கள் எல்லாம் முடிந்துவிட்டன, மெருகேற்றுவதுதான் பாக்கி என்று 2023இல் அறிவித்தார்கள். 2024 விழாவில் மேடையில் ஆடிக் காட்டியபோது பலமுறை நின்றுபோனது. 2026இல் வெளிவரும் என்று அங்கேயே சொன்னார்கள். காட்டிய வரையில் அழகாக இருந்தது.

2025ஆம் ஆண்டில் புதுமைகளைக் குறைத்து, ஆடக்கூடிய நிலைக்குக் கொண்டுவருவதில் கவனம் செலுத்துவோம் என்று ராபர்ட்ஸ் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை நான் வரவேற்றேன். லிஃப்ட், ஹேங்கர் கதவு, சரக்கு லிஃப்ட் மூன்றும் பத்துக்குப் பத்து தடவை வேலை செய்யும்வரை ஒரு புதுக் கப்பலும் விற்க மாட்டோம் என்று ஒரு வரி அதில் இருந்திருந்தால், மனதார நம்பியிருப்பேன். மெர்ச்சன்ட்மேன் போன்ற பழைய கப்பல்களுக்கும் ஒரு தேதி வேண்டும். தேதி சொல்ல முடியாதென்றால், கேட்பவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

புதிதாக வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பணம் கட்டுவதற்கு முன் இலவச நாட்களில் ஆடிப் பாருங்கள்; அப்போது சர்வர் மோசமாக இருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிடித்தால் 45 டாலர் அளவிலான தொடக்கத் தொகுப்பு போதும். பெரும்பாலான கப்பல்களை உள்ளே சம்பாதித்தே வாங்கிவிடலாம், அந்தச் சம்பாத்தியம்தான் ஆட்டமே. வரைபடக் கப்பலுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் இல்லாத கணினியில் முயலவே வேண்டாம். 32 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. புதுப் பதிப்பு வந்ததும் பாயாமல் சில வாரங்கள் பொறுங்கள், திருத்தங்கள் அடுத்தடுத்து வரும். முதலில் சின்னக் கப்பலாக வைத்துக்கொண்டு, நகரத்துக்குப் பதிலாக விண்வெளி நிலையத்தையே தங்குமிடமாக மாற்றிக்கொண்டால் ரயிலும் பாதி லிஃப்டும் மிச்சம். கையிருப்பில் கால்வாசிக்கு மேல் ஒரே சரக்கில் போடாதீர்கள்.