டெப்பில் ஃபிளாஷ் ஓட வேண்டுமா? ஒரு பழைய விஞ்ஞான இறுவட்டை முன்வைத்து ஓர் ஒப்பீடு

வெள்ளவத்தையில் தனியார் வகுப்பு நடத்தும் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் சென்ற மாதம் ஒரு பிஸ்கட் டின் நிறைய இறுவட்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். தரம் 10, 11 மாணவர்களுக்காகப் பதினைந்து, பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர் விற்கப்பட்ட பாடங்கள் அவை. மனித இதயம், மின்சுற்று, ஒளித்தெறிப்பு என்று எல்லாமே, அசைவுப்படங்களும் ஊடாட்டப் பாடங்களும் செய்ய அந்நாளில் பாவித்த ஃபிளாஷ் மென்பொருளில் செய்யப்பட்டவை. "தம்பி, பிள்ளைகள் எல்லாரிட்டயும் டெப் இருக்கு. இவ்வளவு நல்ல பாடம் அதில ஏன் ஓடாது?" என்று கேட்டார். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, சூம் வகுப்புக்காக வீடுகளில் அவசர அவசரமாக டெப் வாங்கப்பட்ட அதே ஆண்டின் கடைசி நாளோடுதான் அடோபி நிறுவனம் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை நிறுத்தியது என்பதை அவருக்குச் சொல்லச் சற்றுச் சங்கடமாகவே இருந்தது.

அவர் கேட்ட கேள்வி உண்மையில் 2010ஆம் ஆண்டு வழக்கு. அந்த ஆண்டு ஏப்ரல் 3ஆம் திகதி முதலாவது ஐபேட் விற்பனைக்கு வந்தபோது அதன் உலாவியில் ஃபிளாஷ் செருகுநிரலுக்கு, அதாவது ஃபிளாஷை ஓட்ட உலாவியோடு சேர்க்கும் துணை மென்பொருளுக்கு, இடமே இருக்கவில்லை. அதே மாதம் 29ஆம் திகதி ஆப்பிளின் அப்போதைய தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதத்தில் அதற்கான காரணங்களை அடுக்கினார்: ஃபிளாஷ் ஒரு தனி நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது, பாதுகாப்பில் ஓட்டை உள்ளது, மின்கலத்தைத் தின்கிறது, விரலுக்கென்று உருவாக்கப்படவில்லை, இடையில் நிற்கும் மூன்றாமவரின் கருவியை நம்பியிருக்க முடியாது. இணையக் காணொளியில் பெரும்பகுதி ஃபிளாஷில் இருக்கும்போது அது இல்லாத கருவி முழு இணையத்தையும் காட்டுவதாகச் சொல்ல முடியாது என்பது அடோபியின் வாதம். இரு தரப்பிலும் வியாபாரக் கணக்கு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆப்பிளுக்குத் தன் செயலிக் கடை முக்கியம், அடோபிக்குத் தன் படைப்புக் கருவிகளின் விற்பனை முக்கியம். ஆனாலும் வியாபாரக் கணக்குள்ளவர் சொல்வதிலும் உண்மை இருக்கலாம் என்பதால் காரணங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பதே முறை.

மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். காணொளியை விரித்துக் காட்டும் வேலையைச் சில்லு செய்தால் ஐபோனில் 10 மணி நேரம் வரை பார்க்கலாம் என்றும், மென்பொருளே அதைச் சுமந்தால் 5 மணி நேரத்துக்குள் மின்சக்தி தீர்ந்துவிடும் என்றும் ஜொப்ஸ் எழுதியிருந்தார். ஃபிளாஷ் 10.1 பதிப்பு அந்த வேலையைச் சில்லிடமே ஒப்படைக்கும் என்று அடோபி பதில் சொன்னது. காணொளியைப் பொறுத்தவரை அந்தப் பதிலில் நியாயம் இருந்தது. ஆனால் ஆசிரியரின் இதயப் பாடம் காணொளி அல்ல. அது கோடுகளையும் நிறங்களையும் ஒவ்வொரு சட்டமாகப் புதிதாக வரைந்து காட்டும் அசைவுப்படம். பிள்ளை டெப்பை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாலும் அந்த இதயம் விடாமல் துடித்துக்கொண்டிருக்கும், டெப்பின் புரோசஸரும் விடாமல் வரைந்துகொண்டிருக்கும். எப்போதும் மின் இணைப்பில் இருக்கும் மேசைக் கணினியில் யாருக்கும் உறைக்காத செலவு இது.

பாதுகாப்பு பற்றிய வாதத்தில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. 2015 ஜூலையில் இத்தாலிய உளவு மென்பொருள் நிறுவனமான ஹேக்கிங் டீமின் கோப்புகள் கசிந்தபோது, அதுவரை வெளியே தெரியாதிருந்த ஃபிளாஷ் ஓட்டைகள் அவற்றுள் இருந்தன. மொசில்லா தன் ஃபயர்பொக்ஸ் உலாவியில் ஃபிளாஷைத் தற்காலிகமாகத் தடுத்தது. அப்போது பேஸ்புக்கின் பாதுகாப்புத் தலைவராக இருந்த அலெக்ஸ் ஸ்டாமோஸ், ஃபிளாஷுக்கு முடிவுத் திகதி ஒன்றை அறிவிக்கும்படி அடோபியைப் பகிரங்கமாகக் கேட்டார். மேசைக் கணினிக்கு ஒட்டுப்போட்ட புதிய பதிப்பாவது வந்துகொண்டிருந்தது. டெப்பின் கதை வேறு. நம் ஊரில் ஒரு டெப் அண்ணனிடமிருந்து தங்கைக்கும், அங்கிருந்து காலி வீதிக் கடையில் 'பாவித்தது' என்ற சீட்டோடு இன்னொரு வீட்டுக்கும் போகிறது. புதுப்பிப்பு நின்றுபோன ஒரு செருகுநிரல், தகப்பனின் வங்கிச் செயலியும் இருக்கும் அதே கருவியில் குடியிருப்பதை எந்தப் பாடத்தின் அருமைக்காகவும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஃபிளாஷைத் தாங்கிய டெப்கள் இல்லாமல் இல்லை. 2010 பிற்பகுதியில் வந்த 7 அங்குல சாம்சங் கேலக்ஸி டெப்பில் ஃபிளாஷ் ஓடியது. 2011 ஏப்ரலில் வந்த பிளாக்பெரி பிளேபுக் அதையே தன் பெருமையாகச் சொல்லி விற்றது. மோட்டரோலா ஸூம் அந்த ஆண்டு பெப்ரவரியில் கடைக்கு வந்தபோது ஃபிளாஷ் இன்னும் தயாராகியிருக்கவில்லை. கருவி தயாராகியும் இன்னொரு நிறுவனத்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்ற ஜொப்ஸின் கடைசி வாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான சான்று அப்போது கிடைத்திருக்காது. 2011 நவம்பரில், கைக்கருவி உலாவிகளுக்கான ஃபிளாஷை மேலும் வளர்க்கப்போவதில்லை என்று அடோபியே அறிவித்தது. 2012 ஓகஸ்ட் 15இலிருந்து கூகுள் பிளேயில் புதிதாக அதை நிறுவவும் முடியாமல் போயிற்று.

ஃபிளாஷை முற்றாக ஒதுக்குவதற்கும் முழுவதும் தாங்குவதற்கும் நடுவில் மைக்ரோசொப்ட் ஒரு வழி தேடியது. 2012 ஒக்டோபரில் வந்த சர்ஃபேஸ் ஆர்டி டெப்பில் ஃபிளாஷ் உலாவிக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தது, ஆயினும் நிறுவனம் அங்கீகரித்த பட்டியலில் உள்ள தளங்களில் மட்டுமே அது இயங்கியது. 2013 மார்ச்சில் இந்த ஏற்பாடு தலைகீழாக மாற்றப்பட்டு, தடைப்பட்டியலில் உள்ள தளங்கள் தவிர மற்றெல்லாவற்றிலும் இயங்க விடப்பட்டது. சோதித்துப் பார்த்த ஆயிரக்கணக்கான தளங்களில் 4 சதவீதத்துக்கும் குறைவானவையே பொருந்தாமல் போயின என்பது அவர்கள் சொன்ன காரணம். செருகுநிரலைத் தாங்குவதென்றால் இதுவே கண்ணியமான முறை என்று நான் நினைக்கிறேன். அந்தக் கருவிக்குத் தட்டச்சுப் பலகையும் தொடுபலகையும் கொண்ட உறை தனியே கிடைத்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பாதி மடிக்கணினியாக இருந்ததால்தான் அங்கே அது ஓரளவு ஒத்துவந்தது.

இங்கே இறுவட்டுக்குத் திரும்புகிறேன். கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டு அலுமாரியில் ஆன்ட்ராய்ட் 4.0 உள்ள பழைய டெப் ஒன்று, ஃபிளாஷ் 11.1 நிறுவியபடியே கிடந்தது. இணையத்தோடு இணைக்காமல் இதயப் பாடத்தை அதில் ஏற்றினேன். படம் வந்தது, இதயம் துடித்தது, ஆனால் வேகம் சீராக இல்லை. மேசைக் கணினியில் சுட்டியை ஓர் அறையின்மேல் கொண்டுபோனால் அதன் பெயர் பக்கத்தில் தோன்றும். டெப்பில் சுட்டி இல்லை. தொடாமல் மேலே நகர்த்துவதென்ற செயலே விரலுக்குக் கிடையாது. விரலை வைத்தபோது பெயர் தோன்றியது, தோன்றிய பெயரை விரலே மூடிக்கொண்டது.

அதைவிடப் பெரிய கோளாறு எழுத்தில் இருந்தது. 'இடது இதயவறை', 'தொகுதிப் பெருநாடி' என்று வர வேண்டிய இடங்களில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பை வரிகள் நின்றன. இலங்கையில் தமிழ்க் கணினி பாவித்த எவருக்கும் அந்தக் குப்பையின் முகம் தெரியும்: அது பாமினி. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோட்) முறை பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்துகளின் இருப்பிடங்களில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றிய எழுத்துரு அது. தலைப்புகளின் வடிவங்கள் கோப்புக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்ததால் அவை சரியாகத் தெரிந்தன. பெயர்ச்சீட்டுகளோ கருவியில் பாமினி நிறுவப்பட்டிருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டிருந்தன. அந்நாளில் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள தமிழரின் கணினியைப் பற்றி அப்படி நம்பியதில் பிழையில்லை. ஆன்ட்ராய்ட் டெப்பில் அந்த நம்பிக்கை செல்லாது.

இந்த விவாதத்தில் பலரும் தவறவிடும் இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. விரலைப் பற்றி ஜொப்ஸ் சொன்னதை விட்டால், செருகுநிரல் இருந்தால் பழைய பாடம் ஓடும் என்று எடுத்துக்கொண்டே பெரும்பாலும் வாதாடப்பட்டது. உண்மையில் அந்தப் பாடம் சாய்ந்திருந்தது செருகுநிரல்மேல் மட்டுமல்ல. சுட்டி, விசைப்பலகை, கணினியில் நிறுவிய எழுத்துரு, தீராத மின்சாரம் ஆகிய எல்லாவற்றின்மீதும் சாய்ந்திருந்தது. டெப் தயாரிப்பாளர் மனமிரங்கிச் செருகுநிரலைத் தந்தாலும் மற்றவை கூடவே வருவதில்லை.

அப்படியானால் வெளியில் ஓட்டிப் படத்தை மட்டும் டெப்புக்கு அனுப்பும் முறை எப்படி? 2010 நவம்பரில் ஐபோனுக்கு வந்த ஸ்கைஃபயர் உலாவி, ஃபிளாஷ் காணொளிகளைத் தன் சேர்வரில் மாற்றி அனுப்பியது. சில மணி நேரத்திலேயே சேர்வர்கள் தாங்காமல், விற்பனையையே இடைநிறுத்த வேண்டியதாயிற்று. ஊடாட்டப் பாடங்களுக்கு அது உதவவும் இல்லை. பஃபின் உலாவி ஒரு படி மேலே போய் முழுப் பக்கத்தையும் சேர்வரிலேயே இயக்கியது. ஆனால் விரல் பட்ட செய்தி கடல் கடந்து போய், படம் திரும்பி வரும் வரை பிள்ளை காத்திருக்க வேண்டும். ஒரு மெகாபைட்டுக்கும் குறைந்த பாடத்தை ஒருமுறை இறக்கிவைத்து ஓட்டுவதற்குப் பதிலாக, பார்க்கும் நேரமெல்லாம் படமாக வரவழைப்பது, இரவுநேர டேட்டா எப்போது தொடங்கும் என்று மணிக்கூட்டைப் பார்க்கும் வீடுகளுக்கு உகந்த யோசனை அல்ல.

புதிதாகச் செய்வதே சரியான தீர்வு என்பார் பலர். இணையப் பக்கங்களை எழுதும் மொழியின் புதிய பதிப்பான எச்டிஎம்எல்5, 2014 ஒக்டோபரில் முறையான தரநிலையாகிவிட்டது, அதில் இதயப் பாடத்தை அழகாகச் செய்யலாம். மறுப்பதற்கில்லை. ஆனால் இறுவட்டில் இருப்பது வெந்த சோறு. அரிசி, அதாவது திருத்தக்கூடிய மூலக் கோப்பு, தயாரித்த நிறுவனத்திடம்தான் இருந்தது. அந்த நிறுவனத்தைத் தேடிப் போனால் அந்த முகவரியில் இப்போது வேறு வியாபாரம் நடக்கிறது. மூலக் கோப்பு கிடைத்திருந்தாலும், அடோபியின் அனிமேட் மென்பொருள் படங்களை மாற்றித் தருமே தவிர, அவற்றை இயக்கும் ஆக்ஷன்ஸ்கிரிப்ட் நிரலை ஜாவாஸ்கிரிப்டில் மீண்டும் எழுதத்தான் வேண்டும். திரையைப் பதிவுசெய்து காணொளியாக்குவது இலகு, ஆனால் பிள்ளை பெயர்ச்சீட்டை இழுத்து உரிய அறையில் வைக்கும் பயிற்சி அதோடு போய்விடும். ஆசிரியர் அந்தப் பாடத்தை விரும்புவதே அந்தப் பயிற்சிக்காகத்தான்.

தென்னாபிரிக்காவின் வருமான வரிச் சேவை 2021 ஜனவரியில் தன் ஃபிளாஷ் படிவங்களுக்காகவே ஒரு தனி உலாவியை வெளியிட்டது. அரசுத் திணைக்களம் ஒன்றுக்கு அது முடியும். அதை நான் பாராட்டவும் மாட்டேன், பரிகசிக்கவும் மாட்டேன். வெள்ளவத்தை மாடியறை வகுப்புக்கு அது வழியல்ல.

எஞ்சியிருப்பது ரஃபிள். இது ஃபிளாஷ் பிளேயர் செய்த வேலையைத் தானாகச் செய்துகாட்டும் திறந்த மூல மென்பொருள். அடோபியின் நிரல் எதுவும் இதில் இல்லை. ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டு, உலாவியே நேரடியாக இயக்கக்கூடிய வெப்அசெம்பிளி வடிவில் பக்கத்தோடு சேர்ந்து வருவதால் டெப்பில் எதையும் நிறுவத் தேவையில்லை, உலாவியின் பாதுகாப்பு வேலியைத் தாண்டவும் அதற்கு அனுமதியில்லை. ஐபேட்டின் சஃபாரியிலும் இயங்குகிறது. இணைய ஆவணக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரில் தன் ஃபிளாஷ் சேகரிப்பை இதைக்கொண்டே திறந்துவைத்தது. குறையும் உண்டு. பழைய ஆக்ஷன்ஸ்கிரிப்ட் 1, 2 கோப்புகள் நன்றாக ஓடும் அளவுக்கு மூன்றாம் பதிப்பில் எழுதப்பட்டவை எல்லாம் ஓடுவதில்லை. மின்சுற்றுப் பாடத்தில் ஆளியை மூடியதும் மின்குமிழ் எரியவில்லை, பாடம் அப்படியே உறைந்துவிட்டது. மின்கலச் செலவும் மறைந்துவிடவில்லை. ஆனால் இன்றைய டெப்களின் புரோசஸர்கள் முதலாவது ஐபேட்டின் புரோசஸரைப் போன்றவை அல்ல என்பதால் ஒரு பாடவேளைக்கு அது பொருட்டாகத் தெரியவில்லை.

இதயப் பாடத்தை ஐபேட்டில் ரஃபிளோடு திறந்தபோது அசைவு சீராக இருந்தது. இரண்டு விரலால் பெரிதாக்கினாலும் கோடுகள் மங்கவில்லை. பெயர்ச்சீட்டுகளில் அதே பாமினிக் குப்பை வந்தது. ஆனால் இம்முறை அதைத் திருத்துவதற்கு ஆப்பிளிடமோ அடோபியிடமோ கேட்கத் தேவை இருக்கவில்லை. எழுத்துருக் கோப்புகளைப் பக்கத்தோடு சேர்த்துக் கொடுக்க ரஃபிளின் அமைப்புகளில் வழி உண்டு. பாமினியைப் பாடத்தின் பக்கத்திலேயே வைத்து, அமைப்பில் ஒரு வரியைச் சேர்த்து மீண்டும் ஏற்றினேன். 'இடது இதயவறை' தமிழில் வந்தது.

ஆகவே ஆசிரியருக்கு நான் சொன்ன பதில் இது: டெப்புக்குள் அந்தச் செருகுநிரலை வைக்காமல் விட்டது சரி, பாடத்தை இழக்கவும் வேண்டியதில்லை, அதைச் சுமக்கும் பொறுப்பு பாடம் இருக்கும் பக்கத்துக்கு உரியது. டின்னில் இருந்தவற்றில் பெரும்பாலானவை இப்போது அவருடைய வகுப்புப் பக்கத்தில் ஓடுகின்றன. மின்சுற்றுப் பாடத்துக்கு மட்டும் அவர் பழையபடி ஒரு மின்குமிழையும் இரண்டு உலர் மின்கலங்களையும் வகுப்புக்குக் கொண்டுபோகிறார்.