சுயசான்று கட்டட அனுமதி: வேகம் நிஜம், டேப் பிடிப்பது உங்கள் வேலை

பிளான் அப்ரூவலுக்காக மாதக்கணக்கில் அலைந்த காலத்தை, சிறிய மனைக்காரர்களைப் பொறுத்தவரை, தமிழ்நாடு அரசின் சுயசான்றுத் திட்டம் உண்மையிலேயே மாற்றிவிட்டது. 2024 ஜூலையில் தொடங்கிய சேவை இது. விண்ணப்பம், ஆவணம், பணம் எல்லாம் ஒற்றைச் சாளர இணையதளத்திலேயே முடிகிறது. கட்டணம் செலுத்தியதும் கியூஆர் குறியீட்டோடு அனுமதி வந்துவிடும். முன்கூட்டிக் கள ஆய்வு இல்லை, கட்டி முடித்தபின் பணி நிறைவுச் சான்றும் வேண்டாம். பரிசீலனைக் கட்டணம், உள்கட்டமைப்புக் கட்டணம் இரண்டும் தள்ளுபடி. மாநகராட்சியா, நகராட்சியா, ஊராட்சியா என்பதைப் பொறுத்து ஒரே தொகுப்புக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். வேகத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஆனால் இந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டு உள்ளே போக வேண்டும். முன்பு உங்கள் கணக்கை ஓர் அதிகாரி சரிபார்த்தார். இப்போது “நான் சொல்வதெல்லாம் சரி” என்று நீங்களே கையெழுத்துப் போடுகிறீர்கள். கணக்குத் தப்பினால் முதல் நாளே எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அது வங்கிக் கடனுக்கு மதிப்பீடு செய்ய வருபவர் கண்ணில் படும். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் புகாரில் தெரியவரும்.

திட்டம் தொடங்கியபோது வைத்த எல்லைகள் நான்கு: மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடப் பரப்பு 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும், உயரம் 7 மீட்டருக்குள். படிக்க எளிதுதான். நான்கிலுமே வழுக்கும் இடம் உண்டு.

மனைப் பரப்பில் வரும் குழப்பம் பெரும்பாலும் பட்டாவில் தொடங்குகிறது. பத்திரத்தில் சதுர அடி இருக்கும், பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 1,076 சதுர அடி. பத்திரம் 2,490 சதுர அடி என்கிறது, பட்டாவோ 2.35 ஏர் என்கிறது என்று வையுங்கள். 2.35 ஏர் என்றால் 2,529 சதுர அடி, எல்லையைத் தாண்டியாயிற்று. ஒரு கிரவுண்ட் மனை 2,400 என்பதால் தாராளமாக அடங்கும். ஐந்தே முக்கால் சென்ட் என்றால் 2,505, அடங்காது. பத்திரம், பட்டா, எஃப்.எம்.பி. (நில அளவைப் புத்தக) வரைபடம், மனையில் நேரில் பிடித்த அளவு ஆகிய நான்கையும் ஒரே தாளில் சதுர மீட்டரில் எழுதி ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் பட்டாவைத் திருத்திக்கொண்டு பிறகு விண்ணப்பிப்பதே நல்லது.

கட்டடப் பரப்பை எப்போதும் சுவரின் வெளி விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். மேஸ்திரிகள் பலர் உள்கூடாகவே சொல்வார்கள். உள்ளே 32க்கு 52 அடி என்றால் ஒரு தளம் 1,664, இரண்டு தளம் 3,328 என்று மனம் நிம்மதியாகிவிடும். சுற்றிலும் 9 அங்குலச் சுவரைச் சேர்த்தால் 33½க்கு 53½ ஆகிறது. இரண்டு தளத்துக்கு 3,584! சுவர் கனம் மட்டுமே 256 சதுர அடியை விழுங்கிவிட்டது. முதல் தளத்தில் ஓர் அறையை இரண்டடி வெளியே நீட்டினால் அதுவும் இந்தக் கணக்கில்தான் ஏறும்.

உயரத்தில் இன்னும் நுணுக்கம் உண்டு. பத்தடி தெளிவான உயரமும் (தரையிலிருந்து கூரையின் அடிப்பக்கம் வரை) 5 அங்குலத் தளமும் சேர்ந்தால் ஒரு மாடிக்கு சுமார் 3.18 மீட்டர், இரண்டு மாடிக்கு 6.35. பேஸ்மட்டம், அதாவது நிலத்திலிருந்து வீட்டுத் தரை வரையான உயரம், 2 அடி என்றால் மொத்தம் 6.96, மயிரிழையில் தப்பும். மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது என்று பேஸ்மட்டத்தை 3 அடியாக ஏற்றினால் 7.26. தாழ்வான பகுதிகளில் பேஸ்மட்டத்தை ஏற்றாமல் முடியாது. அப்படியானால் இரண்டு தளத்திலும் தெளிவான உயரத்தை 9½ அடியாகக் குறையுங்கள். மேலே ஒரு அடி மிச்சமாகி மொத்தம் 6.96க்கே திரும்பிவிடும். இந்த முடிவை பிளான் போடும்போதே எடுத்துவிட வேண்டும். சென்ட்ரிங் அடித்த பிறகு எடுக்கிற முடிவு இல்லை இது.

செட்பேக், அதாவது மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய காலி இடம் என்ற விஷயத்தில், முன்பக்க இடைவெளி சாலை அகலத்தைப் பொறுத்தது, பக்கவாட்டு இடைவெளி மனையின் அகலத்தையும் கட்டட உயரத்தையும் பொறுத்தது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இதற்கான அட்டவணை இருக்கிறது. பிளானில் சரியாக விட்ட இடைவெளியைக் கட்டும்போது கெடுப்பது பெரும்பாலும் வெளிப்படிக்கட்டுதான். “மாடியை வாடகைக்கு விட வசதியாக இருக்கும்” என்று பாதி வேலையில் சேர்ப்பார்கள். அந்தப் படிக்கட்டு பிடிக்கும் மூன்றடிதான் செட்பேக்.

அளவெல்லாம் சரியாக இருந்தாலும் மனை தகுதி பெறாமல் போகலாம். லேஅவுட் அங்கீகாரம் பெற்றதாகவோ வரன்முறைப்படுத்தியதாகவோ இருக்க வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளை 2017ஆம் ஆண்டின் விதிகளின் கீழ் வரன்முறைப்படுத்த 2016 அக்டோபர் 20 என்ற தேதியைக் கணக்கில் எடுத்தார்கள். அதற்கு முன் பத்திரம் பதிவானதா என்று பாருங்கள். அடுத்தது நிலப்பயன்பாடு. சென்னைப் பகுதியில் 2008இல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளான் ஒவ்வொரு சர்வே எண்ணையும் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், விவசாயம் என்று வகைப்படுத்தியிருக்கிறது. சுற்றிலும் வீடுகள் இருப்பதை நம்பிவிடக் கூடாது. தெருவே வீடாக இருந்தும் நிலம் காகிதத்தில் விவசாய மண்டலமாக நீடிக்கும் இடங்கள் புறநகரில் நிறைய. உட்பிரிவான மனைக்கு, மாஸ்டர் பிளானில் பழைய சர்வே எண்ணைப் போட்டுத் தேட வேண்டியிருக்கும்.

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அனுமதி தேவையா என்பதே. வெள்ளையடிப்பது, பூச்சு, தரை மாற்றுவது, பால்ஸ் சீலிங், இருந்த இடத்திலேயே கதவு ஜன்னல் மாற்றுவது போன்றவற்றுக்கு வேண்டாம். தூணையோ பீமையோ தொடுவது, பரப்பைக் கூட்டுவது, மாடி எழுப்புவது எல்லாம் வேறு கதை. மாடி எழுப்பப் பழைய அனுமதி வரைபடம் கையில் இருக்க வேண்டும். கீழ்த்தளம் அதன்படி கட்டப்பட்டிருக்கவும் வேண்டும். இதற்குச் சுயசான்றை நம்பி இறங்காமல், பதிவுபெற்ற எஞ்சினியரிடம் அஸ்திவாரத்தையும் தூண்களையும் காட்டி, உள்ளாட்சியில் வழக்கமான முறையில் விண்ணப்பிப்பதையே சொல்வோம். நாள் கூடும், ஆனால் ஒருவர் கண்ணால் பார்த்திருப்பார்.

வரைபடத்திலேயே மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் இடத்தைக் குறித்துவிடுங்கள். மூலை மனை என்றால் இரண்டு சாலையும் சேரும் முனையில் விட வேண்டிய ஸ்ப்ளேயையும் (மூலையைச் சாய்வாக வெட்டி விடும் இடம்) காட்ட வேண்டும். காம்பவுண்டுச் சுவர் அந்த வெட்டை ஒட்டித்தான் திரும்ப வேண்டும்.

அனுமதி கிடைத்தபின் பிளானை மீறினால் 1971ஆம் ஆண்டு நகர், ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகள் இருக்கின்றன. நோட்டீஸ், பூட்டி சீல் வைப்பது வரை போகலாம். தவறான தகவல் கொடுத்திருந்தால் அனுமதியே ரத்தாகும். அதனால் அனுமதி வரைபடத்தின் நகல் ஒன்றை சிமெண்ட் மூட்டை இருக்கும் ஷெட்டிலேயே ஒட்டிவையுங்கள். மேஸ்திரி கயிறு கட்டும் அன்று ஒருமுறை, பேஸ்மட்டம் முடிந்ததும் ஒருமுறை, முதல் தளத்துக்குச் சென்ட்ரிங் அடிக்கும் முன் ஒருமுறை, நான்கு பக்கமும் டேப் பிடித்து அதோடு ஒப்பிடுங்கள்.