புதிய அணையா, 152 அடியா, சுரங்கமா?

கேரள எல்லைக்குள் நின்று தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணை பற்றிக் கருத்து இல்லாத ஆள் கூடலூரிலும் குமுளியிலும் கிடைக்க மாட்டார். ஏலத்தோட்டத்துக்கு விடிகாலையில் ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில், பேப்பர் வைத்திருப்பவர் முதலில் வாசிப்பது அணை நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் என்ற மூன்று எண்களைத்தான். எண் ஏறியிருந்தால் இந்தப் பக்கம் நாற்றங்கால் பேச்சு. அதே எண்ணைக் கேட்டு, அணைக்குக் கீழே கேரளத்து வண்டிப்பெரியாற்றில் ஆற்றோரத்தில் குடியிருப்பவர் பரண்மேல் என்ன ஏற்றிவைக்கலாம் என்று யோசிக்கிறார். இரண்டு பேரும் பேசுவது தமிழ்தான்.

வாதம் சூடேறியதும் எல்லாம் ஒரே கேள்வியில் போய் முட்டிக்கொள்கிறது: அணை பலமா, பலவீனமா? நீதிமன்றம், வல்லுநர் குழு, ஐ.ஐ.டி. அறிக்கை என்று இதற்கு வேண்டிய அளவு பதில்கள் வந்துவிட்டன. அவரவர் தமக்குப் பிடித்த பதிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். என் கவலை வேறு. இன்று ஓர் அவசரம் என்றால் அந்த ஏரியை எத்தனை நாளில் வடிக்க முடியும்? முன்னால் இருக்கும் மூன்று வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மன்னருக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய்; 1970இல் அது 30 ரூபாயானது. பென்னிகுக் கட்டிய சுர்க்கி சுண்ணாம்பு அணை 1895இல் திறக்கப்பட்டது. முழுக் கொள்ளளவுக்கான மட்டம் 152 அடி. 1979இல் குஜராத்தின் மோர்வி அணை உடைந்தது. அதே ஆண்டு கேரளத்தின் அச்சத்தால் இங்கே மட்டம் 136 அடியாக இறக்கப்பட்டது. மேலே கான்கிரீட் தொப்பி, அணையைத் துளைத்து அடிப்பாறையோடு இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பிகள், பின்பக்கம் கான்கிரீட் தாங்கல் என்று பலப்படுத்தும் வேலை நடந்தது. 2006இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. கேரளம் சட்டம் போட்டுத் தடுத்தது. 2014 மே 7 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தை ரத்து செய்து 142ஐ உறுதிசெய்தது. இதுவரை எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கும் மனப்பாடம்.

152 அடி

தமிழ்நாட்டு மேடைகளில் அதிகம் கைதட்டல் வாங்கும் வழி இது. பெரிய அணையை ஒட்டியிருக்கும் சிறிய பேபி அணையைப் பலப்படுத்திவிட்டால் 152 வரை தேக்கலாம் என்பது வாதம். 1943இல் 154 அடிக்கு மேலும் தண்ணீர் நின்றிருக்கிறது, அணை அசையவில்லை என்பார்கள். உண்மைதான்.

கிடைப்பது என்ன? 142 அடியில் எடுக்கக்கூடிய தண்ணீர் சுமார் 7,666 மில்லியன் கன அடி, 152இல் சுமார் 10,563. ஏறக்குறைய 2.9 டி.எம்.சி. கூடுதல். பதினெட்டாம் கால்வாயை நம்பி விவசாயம் செய்யும் தேவாரம், போடி பக்கத்து ஆட்களுக்கு இது சிறிய சமாச்சாரம் இல்லை. உபரி வந்தால்தான் அந்தக் கால்வாய்க்கு உயிர்.

ஆனால் 2014க்குப் பிறகு 142ஐயே எல்லா ஆண்டும் தொட்டுவிடவில்லை. மழை கைகொடுத்த சில ஆண்டுகளில்தான் தொட்டது. இப்போதைய அளவே நிரம்பாத ஆண்டுகளில் மேலே பத்தடி இடம் காலியாகக் கிடப்பதால் யாருக்கும் ஒரு குழி நிலம்கூட நனையாது.

இயற்பியலும் கொஞ்சம் இருக்கிறது. அணையைத் தள்ளும் நீரின் விசை ஆழத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். அணையைக் குப்புறத் தள்ளப் பார்க்கும் திருப்புவிசை மும்மடிக்கு ஏற்ப ஏறும். 142இலிருந்து 152 என்றால் உயரம் ஏழு சதவீதம்தான் கூடுகிறது, விசை 15 சதவீதம், திருப்புவிசை 23 சதவீதம் கூடுகிறது. அணை தாங்காது என்று இதற்குப் பொருளில்லை. அது 152க்காகக் கட்டப்பட்டதுதான். ஆனால் ‘பத்தடிதானே’ என்று மேடையில் சொல்வதுபோல அது சின்னக் கணக்கு அல்ல. அவசரத்தில் வடிக்க வேண்டிய தண்ணீரும் கூடிவிடுகிறது.

நடைமுறையிலும் இந்த வழி ஓர் அங்குலம் நகரவில்லை. 2021 நவம்பரில் பேபி அணை அருகே 15 மரங்களை வெட்ட அனுமதி வந்தது. தமிழ்நாட்டு முதல்வர் நன்றிக் கடிதம் அனுப்பிய சூட்டோடு அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. 2024 டிசம்பரில் பராமரிப்புக்கு மணல் ஏற்றிப்போன லாரிகள் வல்லக்கடவு சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டன. மின் இணைப்பே 20 ஆண்டுகள் துண்டிக்கப்பட்டிருந்து 2021இல்தான் திரும்பக் கிடைத்த அணை இது. பலவீனம் என்று சொல்லிக்கொண்டே பலப்படுத்தப் போகும் லாரியை மறிப்பதில் என்ன நியாயம் என்று குமுளியில் மலையாளி நண்பர்களிடமே கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டு டீ வாங்கித் தருவார்கள்.

புதிய அணை

‘தமிழ்நாட்டுக்குத் தண்ணீர், கேரளத்துக்குப் பாதுகாப்பு’ என்பது கேரளத்தின் முழக்கம். இப்போதைய அணைக்குக் கீழே 366 மீட்டர் தள்ளிப் புதிய அணை. அது முடிந்ததும் பழையதை இடித்துவிடுவது. 2024 மே மாதம் சுற்றுச்சூழல் ஆய்வுக்கான விண்ணப்பம் மத்திய நிபுணர் குழுவின் கூட்டத்துக்கு வருவதாக இருந்தது. தமிழ்நாட்டின் எதிர்ப்புக்கிடையே கூட்டம் ரத்தானது.

இந்தக் கோரிக்கையை வெறும் அரசியல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயத்தில் இருக்கும் என் அத்தை மகன் கேரளத்து ரேஷன் அட்டை வைத்திருக்கும் தமிழன். “மச்சான், உங்களுக்கு அது வயலுக்கு வரும் தண்ணீர். எங்களுக்குத் தலைமாட்டில் நிற்கும் தண்ணீர்” என்பான். 2021 டிசம்பரில் இரவு நேரத்தில் மதகுகள் திறக்கப்பட்டு ஆற்றோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது கட்டில்மேல் கட்டிலைப் போட்டு அரிசி மூட்டையை ஏற்றிய குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அணை உடைவது ஒருபுறம் இருக்கட்டும், அணை திறப்பதே அவர்களுக்கு நடுக்கம். 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவைப் பார்த்த பிறகு அந்த நடுக்கம் இரட்டிப்பானது.

ஆனால் புதிய அணை அவனுக்கு என்ன செய்யும்? கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை பழைய அணை அப்படியே நிற்க வேண்டும், அதன் காலடியில் பாறை உடைத்து அடித்தளம் தோண்டவும் வேண்டும். பழைய அணை அவ்வளவு பலவீனம் என்றால் அதன் நிழலில் வெடி வைப்பது எப்படிச் சரி? பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் நடக்கும் வேலை வேறு.

எங்கள் பக்கத்துச் சந்தேகம் காகிதத்தில் இருக்கிறது. இயக்கும் உரிமை 1886 குத்தகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கேரளம் தன் செலவில் கட்டும் அணைக்குச் சாவி யாரிடம்? ‘இப்போது தரும் தண்ணீர் அப்படியே தரப்படும்’ என்கிறார்கள். இப்போது என்றால் 136இன் அளவா, 142இன் அளவா, 152இன் அளவா? இதற்கு ஒப்பமிட்ட பதில் முதலில் வராமல், புதிய அணைக்குச் சரி சொல்லும் விவசாயியைக் கம்பத்தில் தேடிப் பிடிக்க முடியாது. வடிக்கும் கேள்விக்குப் புதிய அணை நல்ல பதிலாக இருக்கலாம், அடிமதகோடு கட்டினால். ஆனால் அந்தப் பதில் கிடைக்கும்வரை பழைய ஏரி வடிகால் இல்லாமலே கிடக்கும்.

சுரங்கம்

குறைவாகப் பேசப்படும் வழி இது. நீதியரசர் ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான அதிகாரக் குழு 2012இல் தந்த அறிக்கை அணை பாதுகாப்பானது என்றதோடு, 50 அடி மட்டத்தில் புதிய சுரங்கம் தோண்டுவதையும் ஒரு மாற்றாகச் சொன்னது. 2014 தீர்ப்பிலும் அது பேசப்படுகிறது. புதிய அணை வேண்டாம், சுரங்கம் போதும் என்று ‘மெட்ரோ மனிதர்’ ஈ. ஸ்ரீதரனும் சொல்லியிருக்கிறார்.

இப்போதைய அமைப்பைப் பார்த்தால் இதன் அருமை புரியும். உபரிநீர் மதகுகளின் அடிமட்டம் 136 அடி. அதற்குக் கீழே தண்ணீர் போவதற்கு ஒரே வழி, தேக்கடியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வரும் சுரங்கம். அது ஏறக்குறைய 104 அடி மட்டத்தில் இருக்கிறது. அதற்கும் கீழே இருப்பது எடுக்கவே முடியாத தண்ணீர். கிட்டத்தட்ட அடியில் திறப்பே வைக்காமல் கட்டிய தொட்டி. சுரங்கம் விநாடிக்கு 2,000 கன அடிக்குச் சற்று மேல் கடத்தும். 136இலிருந்து 104 வரை இருப்பது 6 டி.எம்.சி.யைத் தாண்டும். கணக்குப் போடுங்கள்: ஒரு சொட்டு மழை பெய்யாவிட்டாலும் வடிக்க ஒரு மாதம் பிடிக்கும். ஆபத்து வருவதே மழைக்காலத்தில் என்னும்போது அந்த ஒரு மாதமும் கனவுக் கணக்குதான். வண்டிப்பெரியாற்றுக்காரரின் அச்சத்துக்கு ‘அணை பலமாக இருக்கிறது’ என்ற சான்றிதழ் ஏன் மருந்தாகவில்லை என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

சுரங்க ஆதரவாளர்கள் ஒரு படி மேலே போகிறார்கள்: ஏரியை நிரந்தரமாக 100 அடிக்கு இறக்கிவிட்டு, தண்ணீரை வரவர இந்தப் பக்கம் கொண்டுவந்து தேக்கலாம் என்கிறார்கள். 142இலிருந்து 100க்கு இறக்கினால் அணைமீது விழும் விசை பாதியாகும், திருப்புவிசை மூன்றில் ஒரு பங்காகும். பாதுகாப்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இங்கேதான் எங்கள் பள்ளத்தாக்குக்காரர்கள் விழித்துக்கொள்ள வேண்டும். கொண்டுவந்து எங்கே தேக்குவது? இருக்கும் பெரிய இடம் வைகை அணை. அதன் கொள்ளளவு 6 டி.எம்.சி.யைச் சற்றுத் தாண்டியது, வண்டல் வேறு தின்றுகொண்டிருக்கிறது. விநாடிக்கு 5,000 கன அடி விட்டால் இரண்டு வாரத்தில் நிரம்பிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், வைகை அணை இருப்பது எங்களுக்குக் கீழே. கூடலூர், கம்பம், உத்தமபாளையம் எல்லாம், சுரங்கத் தண்ணீர் மலையிறங்கும் லோயர் கேம்புக்கும் வைகைக்கும் நடுவில் இருக்கின்றன. எங்கள் 14,707 ஏக்கர் இருபோகத்துக்கும் சேமிப்பு பெரியாற்று ஏரிதான். முதல் போகத்துக்கு ஜூனில் மடை திறந்து, இரண்டாம் போகத்துக்கு மீதியை அங்கே வைத்திருக்கிறோம். வைகைக்குப் போன தண்ணீர் மேடேறித் திரும்பி வராது. லோயர் கேம்பிலிருந்து மதுரைக்கு நேராகக் குடிநீர்க் குழாய் போடும் திட்டத்தை இந்தப் பள்ளத்தாக்கு எதிர்த்தது நினைவிருக்கும். ஏரியை 100 அடிக்கு இறக்கினால் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரத்துக் கண்மாய்கள் ஒருவேளை வாழ்த்தும். கம்பத்து இரண்டாம் போகம் மழையைப் பார்த்து நிற்கும். தமிழ்நாட்டின் நலன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், அது பெரியாற்றுத் தண்ணீர் பெறும் ஐந்து மாவட்டத்துக்கும் ஒன்றில்லை.

இழப்பு அந்தப் பக்கமும் உண்டு. தண்ணீர் வற்றிய தேக்கடியில் படகு ஏது? குமுளியில் மிளகு, ஏலக்காய் பொட்டலம் விற்கும் கடை முதல் தங்கும் விடுதி வரை அந்த ஏரியை நம்பியவை. லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு மலையிறங்கும் ராட்சதக் குழாய்களுக்கு 104 அடிச் சுரங்கத்துத் தண்ணீர்தான் போகிறது; 50 அடிச் சுரங்கம் அவற்றுக்கு ஊட்டாது. சுரங்கத்தின் வாயும் தேக்கடி வாய்க்காலில் அமையாது, காப்பகத்தின் இன்னும் உள்ளே போக வேண்டிவரும். வல்லக்கடவில் ஒரு லாரி மணலுக்கே அந்தப் பாடு என்றால் இதற்கு எவ்வளவு பாடு என்பதையும் மறக்கக்கூடாது.

அதனால் என் தேர்வு சுரங்கம்தான், ஆனால் ஏரியை இறக்கிவைக்கும் சுரங்கம் இல்லை. 142 அடியும், மாதவாரியாக எவ்வளவு தேக்கலாம் என்று வகுத்திருக்கும் அட்டவணையும் அப்படியே இருக்கட்டும். வழக்கமான தண்ணீர் இப்போதுபோல மேல்சுரங்கத்தில் வரட்டும், மின்சாரமும் கிடைக்கட்டும். 50 அடிச் சுரங்கம் கதவடைத்துக் கிடக்கட்டும். வெள்ளம், நிலநடுக்கம், கசிவில் சந்தேகம் என்று எது வந்தாலும், இரு மாநிலத்து ஆட்களும் இருக்கும் அணைக் கண்காணிப்புக் குழு சொன்னால் திறக்க வேண்டும். அப்போது தண்ணீர் வண்டிப்பெரியாற்றுப் பக்கம் இரவோடு இரவாகப் பாயாது, நம் பக்கம் இறங்கும். வறட்சி ஆண்டில் 104க்குக் கீழே கிடக்கும் தண்ணீரிலும் ஒரு பகுதி கிடைக்கும். கேரளத்துக்கு இது அரைகுறைத் தீர்வு, தமிழ்நாட்டு மேடைக்குக் கைதட்டல் தராத தீர்வு. அத்தை மகனிடம் சொன்னபோது, “கதவைத் திறக்கும் ஆள் யார் என்று முதலில் சொல்லுங்கள்” என்றான். அந்தக் கேள்வி மூன்று வழிகளுக்கும் பொருந்தும். இதிலாவது இருவருக்கும் பொதுவான ஒரு குழு ஏற்கெனவே இருக்கிறது.

இது ஒப்புதலாகிச் சுரங்கம் தோண்டப் பத்தாண்டு ஆகலாம். அதற்குள் வைகை அணையில் வண்டல் எடுப்பது, பதினெட்டாம் கால்வாயின் உடைப்புகளை அடைப்பது, லோயர் கேம்புக்குக் கீழே முல்லையாற்றில் கூடுதல் தண்ணீர் வந்தால் எந்த ஊர்க்கரை தாங்கும், எது தாங்காது என்று அளந்து வைப்பது ஆகிய மூன்று வேலைகளும் முழுக்கத் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பவை. எந்தச் சோதனைச் சாவடியையும் தாண்ட வேண்டியதில்லை. அடுத்த தேர்தலில் கம்பம் தொகுதியில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் 152ஐப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் கேட்கப் போகிறேன்.