ஏற்காடு மலையில் நின்ற வைப்பர்

ஏற்காடு மலைப்பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். 11-ஆவதைத் திரும்பியதும் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் அம்பாசிடரின் வைப்பர் நாலு முறை தள்ளாடிவிட்டுப் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. பக்கத்தில் அப்பா, பின்னால் அம்மாவும் என் இரண்டு பெண்களும். எதிரே பஸ் வந்தால் விளக்கு மட்டும்தான் மங்கலாகத் தெரிந்தது. ஓரம்கட்டி, மழை விட முக்கால் மணி நேரம் காத்திருந்து, சேலத்துக்கே திரும்பிவிட்டோம். உண்மையிலேயே பயந்துபோனேன்.

வண்டி 1988-இல் அப்பா வாங்கியது. நான் இருக்கும் சிங்கப்பூரில் காருக்கான உரிமச் சான்று 10 வருடம்தான். அது முடிந்ததும் பெரும்பாலான வண்டிகள் உடைக்கவோ ஏற்றுமதிக்கோ போய்விடும். பழைய வண்டியை உட்கார்ந்து பழுது பார்க்கும் ஆளை அங்கே நான் கண்டதே இல்லை.

மறுநாள் போன பெரிய ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "மோட்டார் போயிடுச்சுங்க, புதுசா மாத்தணும், 4,800 ஆகும்" என்றார்கள். ஒரு ஒயரைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. அம்பாசிடர் உற்பத்தி 2014-இலேயே நின்றுவிட்டது; நல்ல மோட்டாரைக் கழற்றி எறிந்தால் அதே தரத்தில் இன்னொன்று எங்கே தேடுவது? எனக்குக் கோபம்தான் வந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் எலக்ட்ரீஷியனிடம் அப்பா கூட்டிப்போனார். அறுபது வயதிருக்கும். எதையும் தொடுமுன் கேட்டார்: "தம்பி, ஹெட்லைட் போட்டப்ப இன்னும் மெதுவாச்சுங்களா?" ஆமாம் என்றேன்.

முதலில் வைப்பர் கைகளைக் கண்ணாடியிலிருந்து தூக்கிவிட்டு ஓட்டினார். தடங்கலில்லாமல் ஓடின, ஆக, கைகளை ஆட்டும் பாகங்கள் எதுவும் இறுகிப்போகவில்லை. கைகளை இறக்கி, கண்ணாடியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். காய்ந்த கண்ணாடியில் ரப்பர் இழுத்துப் பிடிக்குமாம், சோதனை தப்பாகிவிடுமாம். பியூஸைக் கழற்றித் துடைத்துப் போட்டார். டெஸ்ட் லேம்ப் வைத்ததில் மோட்டார்வரை கரண்ட் வந்தது.

பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை மோட்டாரின் உடம்பிலும் வைத்து, வைப்பரைப் போடச் சொன்னார். 2.6 வோல்ட். "இங்க கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும் தம்பி. 12 வோல்ட்ல இவ்வளவு வழியிலேயே போனா மோட்டாருக்கு என்ன மிஞ்சும்?" பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக மோட்டாருக்கு ஒரு ஒயரைப் பிடித்தார். வைப்பர் புதுசு மாதிரி விசிறியது. அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எங்கள் வண்டியில் இந்த மோட்டாருக்குத் தனி நெகட்டிவ் ஒயர் கிடையாது, பாடியே எர்த்; அதாவது, கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி வண்டியின் இரும்பு உடம்புதான். போன வருடம் டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்தபோது, மோட்டார் உட்காரும் இடத்திலும் சேர்த்து அடித்துவிட்டார்கள். பெயிண்ட் வழியே கரண்ட் சரியாகப் போகாது. வளைவுகளில் இன்ஜின் வேகம் குறைய, ஹெட்லைட்டும் எரிய, வோல்டேஜ் குறையத்தான் செய்யும். மிச்சத்தையும் அந்தப் பெயிண்ட் தின்றிருக்கிறது. போல்ட்டுகளைக் கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, ஸ்டார் வாஷர் வைத்து முடுக்கினார். மேலே கொஞ்சம் வாஸ்லின். போதாதென்று மோட்டாரிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு கறுப்பு ஒயரும் இழுத்தார். ஒன்றரை மணி நேர வேலைக்கு 450 ரூபாய். கூடக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள், பெயிண்ட் அடித்த பிறகு விளக்கோ வைப்பரோ தகராறு செய்தால், பாகத்தை மாற்றுமுன் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு துண்டு ஒயர் இருந்தால் போதும், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வியாழக்கிழமை மறுபடி ஏறினோம். நல்ல மழை, 20 வளைவும் கடந்தோம். அணைத்ததும் வைப்பரைத் தானாகக் கீழே கொண்டுவந்து நிறுத்தும் பார்க்கிங் ஸ்விட்ச் மட்டும் பாக்கி. அதற்கு மோட்டாரைப் பிரிக்க வேண்டுமாம், பொங்கலுக்கு வரும்போது விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். அதுவரை வைப்பர் கீழே வரும் நேரம் பார்த்து அப்பாதான் ஸ்விட்சை அணைக்கிறார்.