ஸப்பேரேயா, கொனோஷெரேயா? இத்தாலியனில் ‘தெரியும்’ சொல்வது எப்படி

ஆங்கிலம் வழியாக இத்தாலியன் படிப்பவர்கள் தடுமாறும் ஜோடி இது. ஸப்பேரே, கொனோஷெரே இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘நோ’ (know) ஒன்றுதான். ‘தகவல் என்றால் ஸப்பேரே, ஆள் என்றால் கொனோஷெரே’ என்று சொல்லிக்கொடுப்பார்கள். அது பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

நான் பார்ப்பது வினைக்குப் பின்னால் என்ன வருகிறது என்பதை. ‘மார்கோ எங்கே குடியிருக்கிறான்’ என்று ஒரு முழு வாக்கியம் வந்தால் ஸப்பேரேதான்: ஸோ தோவே ஆபித்தா மார்கோ. வெறும் மார்கோ என்றால் கொனோஸ்கோ மார்கோ. (‘ஸோ’ ஸப்பேரேயின், ‘கொனோஸ்கோ’ கொனோஷெரேயின் ‘எனக்குத் தெரியும்’ வடிவம்.) ஊருக்கும் அப்படியே, கொனோஸ்கோ ரோமா. மொழியின் பெயர் வந்தால் இரண்டுமே செல்லும். பாட்டுதான் வேடிக்கை. ஒரு பாட்டை ‘கொனோஸ்கோ’ என்றால் கேட்டிருக்கிறேன், பழக்கம். ‘ஸோ’ என்றால் வரி மாறாமல் பாடுவேன்.

நீச்சலுக்கு வருவோம். ஆங்கிலக்காரர் ‘கேன்’ நினைப்பில் ‘பொஸ்ஸோ நுவொத்தாரே’ என்பார். அதற்கு ‘இப்போது நீந்தலாம், தடையில்லை’ என்று பொருள். கற்ற திறமைக்கு ‘ஸோ நுவொத்தாரே’. நமக்கு இதில் சிக்கலே இல்லை, ‘நீந்தத் தெரியும்’ என்றுதானே சொல்கிறோம்! ஆங்கிலத்தைச் சுற்றிப் போகாமல் தமிழிலிருந்தே நேராகத் தாவிவிடலாம்.

உண்மையான பள்ளம் இறந்தகாலத்தில் இருக்கிறது. ‘ஸப்பேவோ’ என்றால் முன்பே தெரியும். ‘ஓ ஸப்பூத்தோ’ என்றால் தெரியவந்தது, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன். கொனோஷெரேயும் அப்படியே: ‘கொனோஷேவோ’ ஏற்கெனவே பழக்கம், ‘ஓ கொனோஷூத்தோ’ அன்றுதான் அறிமுகம். மார்கோவைப் பல வருடமாகத் தெரிந்தவர் ‘ஓ கொனோஷூத்தோ மார்கோ’ என்று சொன்னால், ‘ஓ, எங்கே சந்தித்தீர்கள்?’ என்று எதிராளி கேட்பார். வினை வடிவங்களில் ஸப்பேரே ரொம்பப் படுத்தும்: ஸோ, ஸாய், ஸா என்று குட்டையாகப் போய்த் திடீரென்று ஸப்பியாமோ என்று நீளும். அதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. நிகழ்காலத்தில் கொனோஷெரே ஒழுங்கான பிள்ளை. கொனோஸ்கோவில் ‘ஸ்க’, ‘உனக்குத் தெரியும்’ என்கிற கொனோஷியில் ‘ஷ’ என்று ஒலி மட்டும் மாறும்.

அப்புறம், ஸப்பேரேக்கு மட்டும் உள்ள ஒரு சொத்து உண்டு. லத்தீனில் அந்தச் சொல்லுக்குச் சுவைத்தல் என்ற பொருளும் இருந்தது, அது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒயினை ஒரு வாய் குடித்து முகம் சுளித்தவர் ‘ஸா தி தாப்போ’ என்றால், அவருக்கு ஏதோ தெரியும் என்று அர்த்தமில்லை. தக்கை வாடை அடிக்கிறது, வேறு பாட்டில் கொண்டுவா என்கிறார்.