காரைக்குடிப் புழுதிக்குச் செராமிக் பிரேக் பேடு சரிவருமா?

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் ஓடும் காருக்குச் செராமிக் பேடு தாராளமாகப் போதும். விலை கூடுதல்தான், ஆனால் சத்தமும் வீலில் படியும் கரியும் குறைவு. உலோகத் துகள் கலந்த செமி மெட்டாலிக் பேடு சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் டிஸ்க்கை, அதாவது பேடு கவ்விப் பிடிக்கும் தட்டை, சீக்கிரம் தின்றுவிடும்.

பேடு 3 மி.மீ.க்கு வந்தால் இடது, வலது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள். டிஸ்க்கில் குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும்; மைக்ரோமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், கண்ணால் பார்த்து முடிவு வேண்டாம்.

புது டிஸ்க் மாட்டும்போது பல மெக்கானிக்குகள் கோட்டைவிடுவது ஹப்பில்தான், அதாவது டிஸ்க் உட்காரும் சக்கர மையத்தில். அங்கே துரு இருந்தால் புது டிஸ்க் கோணலாக உட்கார்ந்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் பெடல் உதறும். கம்பி பிரஷால் தேய்த்த பிறகே மாட்ட வேண்டும். செம்மண் புழுதியில் காலிப்பர் பின் (பேடை அழுத்தும் காலிப்பர் நகர உதவும் கம்பி) இறுகினால் உள்பக்கப் பேடு மட்டும் தேயும்; அந்தக் கம்பியில் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சை பிரேக் கிளீனரால் துடைக்காமல் பேடு மாட்டவே கூடாது.