சானாங் பூ: வீட்டில் வளர்ப்பதா, சந்தையில் வாங்குவதா?

பாலியில் தினமும் வைக்கும் சானாங் சாரி படையலுக்கு, தென்னங்குருத்துத் தட்டில் கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை என்று பூ அடுக்க வேண்டும். முற்றத்தில் ஈழத்தலரி, காசித்தும்பை, செண்டுமல்லி இருந்தால் அன்றாடப் பாடு பெரும்பாலும் தீர்ந்துவிடும், மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். நீலத்துக்கு ஹைட்ரேஞ்சியாதான் வேண்டுமென்றால் சந்தைக்குப் போங்கள். மலைக்குளிரில் செழிக்கிற செடி அது, கடற்கரை வெயிலில் தலையைத் தொங்கப்போட்டுவிடும். அப்புறம், சந்தையில் மடித்த தட்டே கட்டுக்கட்டாகக் கிடைக்கும், வேலைக்குப் போகிற பெண்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் 210 நாளுக்கு ஒருமுறை கலுங்கான் பண்டிகை நெருங்கும்போது பூ விலை எகிறும். பாட்டியும் பேத்தியும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே குருத்து மடிப்பதும் போய்விடும். என் ஓட்டு தோட்டத்துக்கு. நேரமில்லாத வீடுகள் தட்டை மட்டும் வாங்கிக்கொள்ளட்டும், பூவை வாசலிலேயே பறிக்கலாம்.